அரசரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர்

ரஷ்யப் புரட்சியைப் பாடசாலையில் படித்தவர்களுக்கு ஓர் ஆவணத்தின் படம் ஞாபகம் இருக்கலாம். தட்டச்சில் அடித்த ஒரேயொரு தாள். மேலே முடியும் இல்லை, முத்திரையும் இல்லை. 'தலைமைத் தளபதியகத்தின் பிரதானிக்கு' என்று ஒரு சாதாரண விலாசம் மட்டும். கீழே வலப்பக்கத்தில் பென்சிலால் 'நிக்கலாய்' என்று ஒரு கையெழுத்து. 1613இல் தொடங்கிய ரொமானோவ் வம்சத்தின் ஆட்சி அந்தப் பென்சில் கோட்டோடு முடிந்தது. திகதி 1917 மார்ச் 2.

(ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியது. இன்றைய கணக்கில் அது மார்ச் 15. ரஷ்யாவுக்குள் நடந்தவற்றுக்கு அந்தப் பழைய திகதிகளையே இந்தக் கட்டுரை முழுவதும் தருகிறேன்.)

எல்லோரும் அந்தப் பென்சில் கையெழுத்தைத்தான் பார்ப்போம். நானும் பல தடவை அதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே தாளின் இடப்பக்கத்தில் கீழே இன்னொரு கையெழுத்து இருக்கிறது: 'பேரரசரின் அரண்மனை அமைச்சர், ஜெனரல், கோமகன் பிரெடெரிக்ஸ்.'

நிக்கலாயைத் தெரியும், ரஸ்புட்டினைத் தெரியும், லெனினைத் தெரியும். இந்தப் பிரெடெரிக்ஸ் யார்? வரலாறு திரும்பிய அந்த நிமிடத்தில், அந்தப் புகையிரதப் பெட்டிக்குள், 78 வயதுக் கிழவர் ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். கிடைத்தது ஒரு மனிதரின் கதை மட்டும் அல்ல. விசுவாசம் என்று நாங்கள் சொல்கிறோமே, அது எதற்குப் போதும், எதற்குப் போதாது என்ற கேள்வியும் சேர்ந்து வந்தது.

குதிரைப் படையிலிருந்து அரண்மனைக்கு

விளாதிமிர் பொரிசோவிச் பிரெடெரிக்ஸ் 1838 நவம்பரில் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தையும் இராணுவ ஜெனரல். பெயரைக் கேட்டாலே தெரியும், அது ரஷ்யப் பெயர் அல்ல. அந்தக் குடும்பத்தில் முன்னோர் ஒருவர் மகாராணி இரண்டாம் கத்தரினின் அரண்மனை வங்கியாளராக இருந்து, 1773இல் 'பாரன்' பட்டம் பெற்றவர். நூறு வருடத்துக்கு மேல் ரஷ்ய மண்ணில் வாழ்ந்தும் குடும்பம் தன் லூத்தரன் சமயத்தை விடவில்லை. ரஷ்ய அரசவையோ ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவத்தைத் தன் உயிராக நினைத்த இடம். ஆனாலும் அந்த நாட்டில் இப்படி அயல் பெயரும் அயல் சமயமும் கொண்ட உயர்குடும்பங்கள் நிறைய இருந்தன. ஜாருக்கு உண்மையாக இருக்கிறாயா என்பதுதான் கேள்வி. உன் பெயர் எந்த மொழி என்பதை அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அது பிறகு மாறியது. அதற்கு வருகிறேன்.

இளைஞர் பிரெடெரிக்ஸ் ஜாரின் மெய்க்காவல் குதிரைப் படையில் சேர்ந்தார். நெடிய உருவம், நிமிர்ந்த முதுகு, இரண்டு பக்கமும் நீண்டு போகும் மீசை. வயதான காலத்துப் படங்களில் அந்த மீசை வெள்ளி நிறத்தில் காற்றில் பறப்பதுபோல இருக்கும். 1875இலிருந்து 1883 வரை அந்தப் படைப்பிரிவுக்கே அவர் தளபதி. பெரிய போர்களை வென்ற ஜெனரல் என்று அவரைச் சொல்ல முடியாது. அணிவகுப்பு, ஒழுங்கு, குதிரை, மரியாதை — இவைதான் அவருடைய உலகம்.

1891இல் அரண்மனைக் குதிரை லாயங்களின் பொறுப்பு கிடைத்தது. 1893இல் அரண்மனை அமைச்சருக்கு உதவியாளர் ஆனார். 1897இல், 58 வயதில், அமைச்சரே ஆனார். அடுத்த 20 வருடம், ஆட்சி கவிழும் வரைக்கும், அந்தக் கதிரையில் அவர்தான். அந்தக் காலத்தில் பிரதமர்களும் உள்துறை அமைச்சர்களும் வந்தார்கள், போனார்கள். சிலர் குண்டுக்கும் துப்பாக்கிக்கும் பலியானார்கள். பிரெடெரிக்ஸ் மட்டும் அசையவில்லை.

ஒரு பேரழிவுக்குப் பிறகு

அவருக்கு அந்தப் பதவி வந்த காலத்தைப் புரிந்துகொள்ள, ஒரு வருடம் பின்னே போக வேண்டும்.

1896 மே மாதம் மொஸ்கோவில் நிக்கலாயின் முடிசூட்டு விழா. பொதுமக்களுக்குப் பரிசு கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். ஒரு பாண், கொஞ்சம் இறைச்சி, இனிப்பு, ஜாரின் முதலெழுத்துப் பொறித்த ஒரு குவளை. கொடின்கா என்ற வெளியில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் கூடினார்கள். அது படையினர் பயிற்சி எடுக்கும் இடம். பள்ளங்களும் பதுங்குகுழிகளும் நிறைந்த நிலம். மே 18 அதிகாலையில், பரிசு எல்லோருக்கும் காணாது என்று ஒரு வதந்தி பரவியது. கூட்டம் முண்டியது. பின்னால் நின்றவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் பள்ளங்களுக்குள் விழுந்தார்கள். அரசாங்கக் கணக்கின்படி மட்டும் 1,389 பேர் இறந்தார்கள்.

அன்றிரவு பிரெஞ்சுத் தூதுவர் வைத்த நடன விருந்துக்கு ஜார் போனார். போகாமல் விடத்தான் அவர் நினைத்தார் என்றும், உறவினர்கள் வற்புறுத்தினார்கள் என்றும் சொல்வார்கள். ஆனால் போனார். சனம் அதை மறக்கவில்லை.

பிறகு யார் குற்றவாளி என்று சண்டை. விழாவை ஒழுங்குசெய்தது அரண்மனை அமைச்சு. நகரத்துக்குப் பொறுப்பு மொஸ்கோவின் ஆளுநர், ஜாரின் சொந்தச் சித்தப்பா சேர்கெய். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். கடைசியில் பதவி பறிபோனது மொஸ்கோவின் பொலிஸ் தலைவருக்கு. சித்தப்பாவை யாரும் தொடவில்லை. அப்போது அரண்மனை அமைச்சராக இருந்த வொரொன்ட்சோவ்-டாஷ்கோவ் அடுத்த வருடம் பதவியிலிருந்து விலகினார். அந்த இடத்துக்குத்தான் பிரெடெரிக்ஸ் வந்தார்.

அரச குடும்பத்துக்குள் யாரோடும் மோதாத, எந்த அணியிலும் சேராத ஒருவர் அந்த நேரத்தில் தேவைப்பட்டிருக்கிறார் என்பது என் ஊகம். பிரெடெரிக்ஸ் அப்படிப்பட்டவர்தான்.

அந்த அமைச்சு என்ன செய்தது?

'அரண்மனை அமைச்சு' என்றால் விருந்துக்கு மேசை போடுகிற வேலை என்று நினைக்காதீர்கள். 1826இல் உருவான அந்த அமைச்சு ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடு.

மாரிக் காலத்து அரண்மனை, பீட்டர்ஹொவ், ஜார்ஸ்கொயே செலோ, கிரிமியாவில் லிவாடியா — அரண்மனைகள் எல்லாம் அதன் கீழ். எர்மித்தாஜ் அருங்காட்சியகம் அதன் கீழ். மொஸ்கோவின் போல்ஷோய், பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி உட்பட அரச அரங்குகள் அதன் கீழ். கலைக் கழகம், தொல்லியல் ஆணையம், பீங்கான் தொழிற்சாலை, சைபீரியாவில் அல்தாய் நிலங்கள், கிரிமியாவின் திராட்சைத் தோட்டங்கள் என்று பட்டியல் நீளும். பாலே நடனத்தின் பெரும் பெயரான நிஜின்ஸ்கியும் இந்த அமைச்சிடம் சம்பளம் வாங்கியவர்தான். 1911இல் மேடையில் அணிந்த உடை அநாகரிகமானது என்று சொல்லி அவரை அரச அரங்கிலிருந்து நீக்கினார்கள். அவர் டியாகிலெவின் குழுவோடு ஐரோப்பாவைச் சுற்றப் போனார். ரஷ்யா இழந்ததை உலகம் பெற்றது.

இவ்வளவுக்கும் இந்த அமைச்சர் பதில்சொல்ல வேண்டியது ஒரேயொருவருக்கு, ஜாருக்கு மட்டும். 1906இல் ரஷ்யாவுக்கு டூமா என்ற நாடாளுமன்றம் வந்தது. ஆனால் அதே வருடத்து அடிப்படைச் சட்டம், அரண்மனை அமைச்சின் வழமையான செலவை டூமா விவாதிக்கவே கூடாது என்று கதவைச் சாத்தியது.

இன்னும் ஒரு வேலை. என்னைப் பொறுத்தவரை முக்கியமான வேலை இதுதான். அரச குடும்பத்தைப் பற்றி ரஷ்யாவில் யார் எதை அச்சடித்தாலும், படம் வெளியிட்டாலும், அரண்மனை அமைச்சின் அனுமதி வேண்டும். ஜார் எங்கே போனார், யாரைச் சந்தித்தார், இளவரசிகள் என்ன உடை உடுத்தார்கள் — எல்லாம் பிரெடெரிக்ஸின் அலுவலகத்தைத் தாண்டித்தான் மக்களிடம் போகும். இன்றைய மொழியில் சொன்னால், ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கையும் ஒரே ஆள் நடத்துவதுபோல. வெளியே போனவை எல்லாம் அழகான படங்கள். உள்ளே இருந்த பெரிய இரகசியம், இளவரசர் அலெக்சேய்க்கு இரத்தம் உறையாத நோய் இருக்கிறது என்பது, வெளியே சொல்லப்படவேயில்லை. ரஸ்புட்டின் ஏன் அரண்மனைக்கு வருகிறார் என்பது அதனால் மக்களுக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தை வதந்தி நிரப்பியது.

நல்ல மனிதர்

பிரெடெரிக்ஸைப் பற்றி அவர் காலத்தவர்கள் எழுதியவற்றை வாசித்தால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. அந்த அரசவையில் ஒருவரை ஒருவர் கிழித்து எழுதாதவர்கள் குறைவு. இவரைப் பற்றி மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: நேர்மையானவர், கனவான், காசுக்கு விலைபோகாதவர். பிரதமராக இருந்த வித்தே, யாரையும் எளிதில் புகழாதவர். அவரும் பிரெடெரிக்ஸின் குணத்தை மதித்தார். அரசியல் அறிவு பெரிதாக இல்லை என்று கூடவே சொல்லவும் செய்தார்.

ஜாரும் மகாராணியும் அவரை 'எங்கள் கிழவர்' என்று அன்போடு குறிப்பிட்டார்கள். அவருக்கும் அவர்கள் பிள்ளைகள் மாதிரி. நிக்கலாய் அரியணை ஏறியபோது வயது 26. பிரெடெரிக்ஸ் அவரைவிட ஏறக்குறைய 30 வயது மூத்தவர்.

அரச குடும்பத்துக்குள் கசப்பான செய்தி சொல்வதும் அவர் தலையில்தான் விழுந்தது. 1905இல் ஜாரின் ஒன்றுவிட்ட சகோதரர் கிரில் அனுமதியில்லாமல் திருமணம் செய்துகொண்டு ரஷ்யா திரும்பினார். நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளையை அவருடைய வீட்டுக்கே போய்ச் சொன்னவர் பிரெடெரிக்ஸ். நிக்கலாய்க்கு ஒருவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' சொல்வது கடினம். அந்த 'இல்லை'களை எல்லாம் மரியாதையோடு சுமந்துபோக ஒருவர் தேவைப்பட்டார்.

ஆனால் அந்தப் பாதை ஒருவழிப் பாதையாகவே இருந்தது. ஜாரின் 'இல்லை' வெளியே போனது. நாட்டின் 'இல்லை' உள்ளே வரவில்லை. வந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன்.

மேசையில் ஒரு கைத்துப்பாக்கி

1905 ஜனவரி 9. பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் தங்கள் குறைகளை எழுதிய மனுவோடு மாரிக் காலத்து அரண்மனையை நோக்கி நடந்தார்கள். கையில் ஜாரின் படங்கள்கூட இருந்தன. ஜார் அன்று நகரத்தில் இல்லை. படையினர் சுட்டார்கள். 'இரத்த ஞாயிறு' என்று அந்த நாளுக்குப் பெயர். அந்த வருடம் முழுவதும் நாடு கொதித்தது. ஒக்டோபரில் பொது வேலைநிறுத்தம். புகையிரதங்கள் நின்றுவிட்டன. பீட்டர்ஹொவ் அரண்மனையில் இருந்த ஜாரைப் பார்க்க அமைச்சர்கள் படகில் வர வேண்டியிருந்தது.

ஜாருக்கு முன்னால் இரண்டு வழி. மக்களுக்கு உரிமைகளும் நாடாளுமன்றமும் கொடுப்பது. அது வித்தேயின் திட்டம். அல்லது ஒரு இராணுவச் சர்வாதிகாரியை நியமித்து எல்லாவற்றையும் அடக்குவது. அந்தச் சர்வாதிகாரியாக ஜார் மனதில் வைத்திருந்தவர் உறவினர் நிக்கலாய் நிக்கலாயெவிச். உயரமான, கோபக்கார இராணுவக்காரர்.

பிரெடெரிக்ஸின் அலுவலகத் தலைவராக இருந்த மொசொலோவ் பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் அடுத்து நடந்தது இருக்கிறது. நிக்கலாய் நிக்கலாயெவிச் பிரெடெரிக்ஸின் அறைக்குள் வந்தார். கைத்துப்பாக்கியை எடுத்தார். ஜார் வித்தேயின் திட்டத்தை ஏற்காமல் என்னைச் சர்வாதிகாரியாக்கப் பார்த்தால், அவர் கண்முன்னாலேயே என்னைச் சுட்டுக்கொள்வேன் என்றார். பிறகு ஜாரிடம் போனார்.

ஒக்டோபர் 17 அன்று ஜார் அறிக்கையில் கையெழுத்திட்டார். பேச்சுரிமை, கூடும் உரிமை, டூமா. ரஷ்யா முதல் தடவையாக ஒரு நாடாளுமன்றத்தை நோக்கி நகர்ந்தது.

கவனித்தீர்களா? அந்த அரண்மனையில் உண்மை ஜாரின் காதில் விழுவதற்கு ஒரு பொது வேலைநிறுத்தமும் ஒரு கைத்துப்பாக்கியும் தேவைப்பட்டன.

வேடங்களும் மறதியும்

1903 பெப்ரவரியில் மாரிக் காலத்து அரண்மனையில் ஒரு மாறுவேட நடன விழா நடந்தது. ஜாரும் மகாராணியும் விருந்தினரும் 17ஆம் நூற்றாண்டு ரஷ்ய உடையில் வந்தார்கள். தங்கமும் முத்தும் தைத்த அங்கிகள். அந்த உடைகளை வைத்து பின்னர் ஒரு சீட்டுக்கட்டு வரைந்தார்கள். சோவியத் காலத்திலும் அந்தச் சீட்டுக்கட்டு அச்சானது. தாங்கள் கவிழ்த்த அரசவையின் ராஜா ராணியை வைத்து மக்கள் பல பத்தாண்டுகள் சீட்டு விளையாடினார்கள்.

ஜாருக்கு அந்தப் பழைய காலத்தின் மீது உண்மையிலேயே காதல். ஜாருக்கும் விவசாயிக்கும் நடுவே யாரும் இல்லாத ஒரு ரஷ்யா அவர் கனவு. 1913இல் ரொமானோவ் வம்சத்தின் 300ஆவது ஆண்டு விழா அந்தக் கனவின் உச்சம். வொல்கா நதியில் கப்பல் பயணம், கரையில் மக்கள் கூட்டம், மணியோசை. மக்கள் தன்னை நேசிக்கிறார்கள் என்று ஜார் நம்பினார். விழாவை அழகாக நடத்துவது பிரெடெரிக்ஸின் வேலை, அவர் அழகாக நடத்தினார். அந்த வருடம்தான் அவருக்குக் 'கோமகன்' பட்டமும் கிடைத்தது.

அப்போது அவருக்கு 74 வயது. ஞாபகம் தளர்ந்துகொண்டிருந்தது. ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். ஒருநாள் யாரோ ஒருவரிடம் போய், உங்களை இன்று விருந்துக்கு யாராவது அழைத்தார்களா என்று பிரெடெரிக்ஸ் கேட்டாராம். அவர் திரும்பிப் பார்க்க, அது ஜார்! வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று கிழவர் மன்னிப்புக் கேட்டாராம். சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு பேரரசில் ஜாருக்கு மிக அருகில் இருக்கும் அமைச்சர் அவர். ஓய்வெடுக்கச் சொல்ல ஜாருக்கு மனம் வரவில்லை. விட்டுப் போக இவருக்கும் மனம் வரவில்லை. அன்பினால் நடந்த தவறு என்று இதைச் சொல்லலாம்.

பெயர் குற்றமானபோது

1914 கோடையில் ஜேர்மனியோடு போர் மூண்டது. சில வாரங்களில் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பெயர் பெற்றொகிராட் ஆனது. 'பர்க்' என்ற ஜேர்மன் ஒலி தலைநகரத்தில் இருக்கக்கூடாது என்றார்கள். 1915 மே மாதம் மொஸ்கோவில் ஜேர்மன் பெயர்ப்பலகை தொங்கிய கடைகளைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. மகாராணி அலெக்சாண்ட்ரா ஜேர்மனியில் பிறந்தவர். அவரை உளவாளி என்று சனம் பேசியது. 'பிரெடெரிக்ஸ்' என்ற பெயருக்கும் அதே கதி. அந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை ரஷ்யாவுக்காகப் படையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், அது போதுமாக இருந்தது.

இந்த இடத்தை வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு ஏதோ ஒன்று உறைக்கும் என்று நினைக்கிறேன். நல்ல காலத்தில் யாரும் எங்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கெட்ட காலம் வந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது பெயரைத்தான். பிரெடெரிக்ஸ் அரண்மனைக்குள் இருந்ததால் அது அவரைத் தொட வெகுநாள் எடுத்தது. மொஸ்கோவில் கடை வைத்திருந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை.

போருக்குள் அரண்மனையிலும் ஆட்கள் குறைந்தார்கள். ரஸ்புட்டினைப் பற்றி வாய் திறந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இளவரசிகளின் ஆசிரியையாக இருந்த தியூட்சேவா 1912இலேயே போய்விட்டார். ஜாரின் நெருங்கிய நண்பர் ஒர்லோவ் 1915இல் போனார். பிரெடெரிக்ஸுக்கும் ரஸ்புட்டினைப் பிடிக்காது. ஆனால் பதவியை உதறி எறிந்து அதைச் சொல்லும் அளவுக்கு அவர் போகவில்லை. ஜாரின் மனம் நோகக்கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ப்ஸ்கோவ் புகையிரத நிலையம்

1917 பெப்ரவரி கடைசி வாரம். பெற்றொகிராட்டில் பாணுக்கு வரிசை, பிறகு ஊர்வலம், பிறகு படையினரே கலகக்காரரோடு சேர்ந்தார்கள். ஜார் மொகிலெவ் இராணுவத் தலைமையகத்தில் இருந்தார். 28ஆம் திகதி குடும்பத்திடம் போகப் புகையிரதம் ஏறினார். பிரெடெரிக்ஸும் கூடவே. அவருடைய மருமகன் வொயெய்க்கோவும் அதே புகையிரதத்தில், அரண்மனைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக. வழியில் பாதை கலகக்காரர் கையில் என்று தெரிந்தது. புகையிரதத்தைத் திருப்பினார்கள். மார்ச் 1 மாலை ப்ஸ்கோவ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் போர்முனைத் தளபதிகளின் தந்திகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: முடியைத் துறவுங்கள். பிற்பகலில் ஜார் முடிவெடுத்தார். இரவு 10 மணியளவில் டூமாவிலிருந்து குச்கோவ், ஷுல்கின் என்ற இருவர் வந்தார்கள். புகையிரதத்தின் சந்திப்புப் பெட்டியில் பேச்சு நடந்தது. முழு இராணுவ உடையில் பிரெடெரிக்ஸும் அங்கே இருந்தார். பெற்றொகிராட்டில் அவருடைய வீட்டைக் கூட்டம் தாக்கி எரித்த செய்தியும் அந்த இருவரோடுதான் வந்தது.

மகனுக்காகவும் சேர்த்து முடியைத் துறப்பதாக ஜார் சொன்னார். தாள் தட்டச்சாகி வந்தது. பென்சிலால் ஒப்பமிட்டார். நேரம் நள்ளிரவை நெருங்கியிருந்தது. ஆனால் தாளில் பிற்பகல் 3 மணி 5 நிமிடம் என்று குறித்தார்கள், வந்தவர்களின் நெருக்குதலால் எடுத்த முடிவு என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக. பிறகு பிரெடெரிக்ஸ் பேனையை எடுத்தார். வீடு எரிந்துவிட்டது. 60 வருடமாகச் சேவித்த அரசு போகிறது. பிள்ளைபோல நினைத்தவர் எதிரே இருக்கிறார். அமைச்சராகத் தன் கடைசிக் கடமை, அந்த முடிவை உறுதிப்படுத்திக் கையெழுத்திடுவது. கையெழுத்திட்டார்.

மீதி வாழ்க்கை

ஜார் மொகிலெவுக்குத் திரும்பினார். பிரெடெரிக்ஸின் பெயரைக் கேட்டாலே படையினர் கொதிக்கிறார்கள், அவர் இங்கே இருக்கக்கூடாது என்று தலைமையகத்தில் சொன்னார்கள். அனுப்பிவைத்தார்கள். வழியில் கோமெல் என்ற ஊரில் கைது.

தற்காலிக அரசாங்கம் பழைய ஆட்சியின் அமைச்சர்களை விசாரிக்க ஒரு விசேட ஆணையம் அமைத்தது. அந்த விசாரணைப் பதிவுகளைத் தொகுக்கும் பணியில் இருந்தவர்களில் ஒருவர் கவிஞர் அலெக்சாண்டர் புளொக். ரஷ்யாவின் பெரும் கவிஞர் ஒருவர், உடைந்துபோன ஒரு அரசவையின் கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரெடெரிக்ஸும் அந்த விசாரணைக்கு வந்தார். வயதும் நோயும் பார்த்துப் பிறகு விட்டுவிட்டார்கள்.

1918 ஜூலையில் நிக்கலாயையும் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் எக்கத்தரின்பர்க்கில் சுட்டுக் கொன்றார்கள். 'எங்கள் கிழவர்' என்று அழைத்த குரல்கள் ஓய்ந்த பிறகும் கிழவர் உயிரோடு இருந்தார். பெயர் மாறிய அதே நகரத்தில், வறுமையில், சில வருடங்கள். 1920களின் நடுப்பகுதியில் வெளியேற அனுமதி கிடைத்தது. மகளோடு பின்லாந்துக்குப் போனார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. இப்போது அது தனி நாடு, அவர் அங்கே அகதி. ஹெல்சிங்கிக்கு அருகே கவுனியாய்னென் என்ற சிறிய ஊரில் 1927 ஜூலையில் இறந்தார். வயது 88.

கடைசியாக

தமிழில் 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரு சொல் உண்டு. உண்ட சோற்றுக்கு உயிரையும் கொடுப்பது. பிரெடெரிக்ஸ் அந்தக் கடனை முழுதாகத் தீர்த்தவர். தளபதிகள் தந்தி அடித்துக் கைவிட்ட நாளிலும் அவர் புகையிரதத்தைவிட்டு இறங்கவில்லை. அதற்காக எனக்கு அவர் மீது மரியாதை இருக்கிறது.

ஆனால் தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு: இடித்துரைத்தல். நெருங்கியவர் தவறு செய்யும்போது முகத்துக்கு நேரே சொல்வது. கம்பர் காட்டும் கும்பகர்ணனை நினைத்துப் பாருங்கள். நீ செய்தது பிழை என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணன் கேட்கவில்லை என்றதும் அவனுக்காகவே போருக்குப் போனான். அவனிடம் இரண்டும் இருந்தன. பிரெடெரிக்ஸிடம் ஒன்று மலைபோல இருந்தது, மற்றது மெல்லிய குரலாக மட்டும் இருந்தது. 20 வருடம் அவர் ஜாரைச் சுற்றி அமைதியைக் காத்தார். அந்த அமைதிக்குள் இருந்தவருக்கு வெளியே எரிவது கடைசிவரை தெரியவில்லை.

ஒரு கிழவர் இடித்துரைத்திருந்தால் ரஷ்யப் புரட்சியே நடந்திராது என்று நான் சொல்லவரவில்லை. நிலம், போர், பசி என்று அதற்கு எத்தனையோ காரணங்கள். சொன்ன பலரையும் ஜார் வெளியே அனுப்பினார் என்பதும் உண்மை. ஆனாலும், அனுப்பவே மனம் வராத அளவுக்கு ஜார் நேசித்த ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அவர் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா?

நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒர்லோவைப்போலச் சொல்லிவிட்டு வெளியே போவீர்களா, கூடவே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிப் பார்ப்பீர்களா? எனக்கு இன்னும் முடிவான விடை இல்லை. உங்கள் விடையை எழுதுங்கள்.